ஐந்தருவித் தண்ணீர்

“குடிக்காதே! அதைக் குடிக்காதே!”

கத்திக்கொண்டே ஓடினாள் குழலி. தென்காசி ஸ்டேஷனில் கொல்லம் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது பெட்டி, ஜன்னலோரத்தில் ஒரு சிறுவன். அவன் வாயருகே ஒரு பாட்டில்.

ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஒரே தட்டு! தண்ணீர் அவன் சட்டையெல்லாம் கொட்டியது.

“ஏட்டி! கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?” சிறுவனின் அம்மா பாய்ந்து பாட்டிலைப் பிடித்தாள். பாதித் தண்ணீர் தப்பித்தது. “யாரு பெத்த பிள்ளைட்டி நீ?”

சிறுவனுக்கு மட்டும் சிரிப்பு. “யம்மா, காலைலதான் நீ குளிப்பாட்டுனே. இப்ப இவளும் குளிப்பாட்டுதா.”

“சும்மா இருலே ஆதித்தா!”

முறுக்கு விற்கும் பிச்சையா எட்டிப் பார்த்தார். ஆதித்தனின் வழுவழுப்பான தலைதான் அவர் கண்ணில் பட்டது. “மொட்டை ஜோரா இருக்குலே! எந்தக் கோயில்ல முடி இறக்குனே?”

“ஆஸ்பத்திரிக் கோயில்ல, அண்ணாச்சி.”

பிச்சையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழலிக்கு விளங்கியது. கோயிலில் முடி இறக்கினால் புருவமாவது மிஞ்சும். இவனுக்குப் புருவமும் இல்லை. அவளுடைய தம்பி தளவாயும் இப்படித்தான் இருந்தான்.

தளவாய்க்கு ரத்தப் புற்றுநோய். மாதாமாதம் இதே ரயிலில் திருவனந்தபுரத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவான். அந்த மருந்து ஏறினால் உடம்புக்குக் கிருமிகளோடு சண்டை போடத் தெம்பு இருக்காது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நாள் முழுவதும் ஓடும் ரயிலில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

தளவாய் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது 1984 ஜூலை. ஞாயிறுதோறும் குழலியும் அம்மாவும் ஆறிய தண்ணீரோடு ஸ்டேஷனுக்கு வந்து, அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறார்கள். முதல் வாரம் ஒரு குடம்தான் கொண்டுவந்தார்கள். பிறகு விறகுக்கடைக்காரர் விறகு தந்தார். தெருவில் ஆளுக்கொரு பாட்டில் தந்தார்கள். இப்போது ஒரு பெரிய கேன்.

“அத்தை, அந்தத் தண்ணி வேண்டாம். எங்கம்மா வெந்நி ஆறவச்சுக் கொண்டுட்டு வாரா. அதக் கொடுங்க.”

“இது என்ன தண்ணின்னு தெரியுமாட்டி? ஐந்தருவித் தண்ணி! மலைமேல எத்தனை மூலிகையத் தொட்டுட்டு வருது! இதப் பிடிக்கத்தான் சிவகிரியிலருந்து முந்தின நாளே வந்து குத்தாலத்துல தங்குனோம்.”

“குத்தாலத்துத் தண்ணியவே குறை சொல்லுதியே, நீ நம்ம ஊர்க்காரிதானா?” என்றார் பிச்சையா. பெட்டிக்குள் இரண்டு பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள்.

“டாக்டர் சொன்னாரு, அத்தை.”

“மலையாளத்து டாக்டருக்கு நம்ம அருவியப் பத்தி என்ன தெரியும்? நீ குடிலே.” பாட்டில் மறுபடி ஆதித்தன் கைக்குப் போனது.

மணி அடித்தது. ரயில் புறப்படப் போகிறது!

குழலி திரும்பிப் பார்த்தாள். கேனைத் தூக்கிக்கொண்டு அம்மா வந்துகொண்டிருந்தாள். இன்னும் பத்தடிதான். ஒரு வருஷமாக அம்மாவிடம் சொல்லாத விஷயம் ஒன்று குழலியிடம் இருந்தது. சொன்னால் அம்மா அவள் முகத்திலேயே விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் இவன் குடித்துவிடுவான்.

ஆதித்தன் பாட்டிலைத் தூக்கினான்.

“என் தம்பிக்கு நான் கொடுத்தேன், அத்தை!” குழலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “போன சீசன்ல ஸ்கூல்ல ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டிபன் பாக்ஸைக் கழுவி அதுல பிடிச்சுட்டு வந்தேன். மூலிகைத் தண்ணி, சீக்குப் போயிரும்னு நானும் நம்புனேன். அவன் குடிச்சுட்டு, ‘இன்னும் ரெண்டு மடக்கு தாக்கா’ன்னு கேட்டான். அன்னைக்கே காய்ச்சல் வந்துட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரலை.”

அவளுக்குப் பின்னால் ‘டங்’கென்று கேன் தரையில் இறங்கியது.

ஆதித்தனின் அம்மா மகன் கையிலிருந்த பாட்டிலை மெதுவாக வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்தே பிடித்திருந்தாள்.

“உன் தண்ணியக் கொண்டாத்தா,” என்றாள்.

வெந்நீரில் கழுவிய இரண்டு பாட்டில்களை நிரப்பி நீட்டினாள் குழலி. அம்மாதான் கேனைச் சாய்த்துப் பிடித்தாள். ஆதித்தன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“சப்புனு இருக்கு!”

“சப்புனுதான் இருக்கும். மூக்கைப் பிடிச்சுட்டுக் குடி.”

ரயில் நகர்ந்தது. “அடுத்த மாசமும் வருவேன்! சட்டையில ஊத்தாமக் கொடுக்கணும், சரியா?” என்று கத்திக்கொண்டே போனான் ஆதித்தன்.

பிளாட்பாரம் காலியானது. அம்மா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். குழலி தள்ளியே நின்றாள்.

“அடிக்கணும்னா அடிம்மா.”

அம்மா அடிக்கவில்லை. “எத்தனை மணிக்குக் கொடுத்தே?” என்று கேட்டாள்.

“சாயங்காலம். நாலரை இருக்கும்.”

“இங்கன வா.”

அருகில் போனவளை இழுத்து ஒட்டி உட்காரவைத்தாள் அம்மா.

“வெளித்தண்ணி கொடுத்தீங்களான்னு டாக்டர் எங்கிட்டக் கேட்டாரு. இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்.”

“நான் கொடுத்தது உனக்குத்தான் தெரியாதேம்மா. அது எப்படிப் பொய்யாகும்?”

“நீ கொடுத்தது தெரியாதுட்டி,” என்றாள் அம்மா. “அன்னைக்குக் காலைல, நீ ஸ்கூலுக்குப் போன பிறகு, குத்தாலத்துலருந்து வந்த பால்காரர்ட்ட ஒரு செம்பு அருவித் தண்ணி வாங்கி, அவனுக்கு நான் கொடுத்தேன்.”