எழாமல் விழுந்தவர்

மாலை ஐந்து மணி. அழைப்பு மணியை இரண்டு முறை அழுத்திவிட்டு மருமகள் வாசலில் காத்து நின்றாள். பல் வைத்தியரிடம் போகிற அவசரத்தில் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டாள். கதவைத் திறந்த கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. நாலடி உள்ளே, கயிற்று விரிப்பின்மேல், மாமனார் ஒருக்களித்துக் கிடந்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

இளையவன் எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னான். மத்தியானம் முழுக்க அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தான் பக்கத்து அறையில் இருந்தான். அண்ணி மணியடித்ததும் தான் போவதற்குள் அவரே பதறி எழுந்து, கதவைத் திறக்க ஓடி, விழுந்துவிட்டார். பெரியவரோ, எதுவும் ஞாபகமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆக, பழி அந்தச் சாவிமேல் விழுந்தது. மூத்தவன் மனைவியிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவளும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கையாலேயே மாமனாரைத் தள்ளிவிட்டதுபோல் குமைந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அளவுக்காரம்மா வந்தார். அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். எழுபதைத் தாண்டியவர்கள் நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று ஆராயும் குழுவில் வேலை. போன வாரம்தான் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைப் பெரியவரின் தொடையில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "ஊரையே மேல ஏத்தி இறக்கினவன், இப்ப நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே நல்ல நேரம் பார்க்கிறேன்" என்று அன்றைக்குச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த கருவியை மருமகள் எடுத்து வந்தாள். அளவுக்காரம்மா அதை லேப்டாப்பில் இணைத்தார். திரையில் வண்ணப் பட்டை விரிந்தது. உட்கார்ந்தால் மஞ்சள், நின்றால் பச்சை, நடந்தால் சிவப்பு. அப்பா விழுந்த நாளைக் காட்டச் சொன்னான் மூத்தவன்.

இளையவன்தான் முதலில் விரலை நீட்டினான். "பாருங்க. மத்தியானத்துலேருந்து ஒரே மஞ்சள். உட்கார்ந்தேதான் இருந்திருக்கார். நான் சொன்னதையே மெஷினும் சொல்லுது."

அளவுக்காரம்மா பட்டையை இருமுறை நகர்த்திப் பார்த்தார். மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீங்க பார்க்கும்போது எப்படிக் கிடந்தார்?"

"ஒருக்களிச்சு. தூக்கினப்போ கன்னத்துல கயித்துத் தடம் அப்படியே அச்சுக் குத்தின மாதிரி இருந்துச்சு."

"அது எப்ப மறைஞ்சது?"

"ராத்திரி வார்டுலகூட லேசா இருந்துச்சு."

அளவுக்காரம்மா இளையவனைப் பார்த்தார்.

"மணி அடிச்சதும் எழுந்து ஓடினார்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒருத்தர் விழணும்னா முதல்ல எழுந்து நிக்கணும் இல்லையா, தம்பி? அஞ்சு மணிக்கு இதுல பச்சையே இல்லையே. சிவப்பும் இல்லை."

அவர் நிதானமாக விளக்கினார். இந்தக் கருவிக்குத் தொடையின் சாய்வு மட்டும்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தாலும் தொடை படுக்கைவாட்டம், தரையில் கிடந்தாலும் படுக்கைவாட்டம். இரண்டுக்கும் அதே மஞ்சள்தான். பெரியவர் அன்றைக்குக் கடைசியாக எழுந்து நின்றது இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில். நூல் போல ஒரு பச்சை, நாலைந்து அடிக்குச் சிவப்பு. அதற்கப்புறம் மஞ்சள்தான். அது நாற்காலி இல்லை, தரை. கயிற்றின் தடம் கன்னத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிய ஒரு நிமிஷம் போதாது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அவர் அங்கேயே கிடந்திருக்கிறார்.

"பக்கத்து ரூம்ல இருந்தவருக்கு அவர் கூப்பிட்டது கேட்காம இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இளையவன் ஒப்புக்கொண்டான். நண்பன் வீட்டில் மேட்ச் பார்க்கப் பின்வாசல் வழியாகப் போயிருந்தான். பத்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தான். திரும்பி உள்ளே காலை வைத்தபோதுதான் மணி அடித்தது. அப்பாவைக் கண்டதும் அப்போதுதான். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான், பிறகு அதையே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அண்ணி அழறதைப் பார்த்துக்கிட்டே இருந்தியேடா" என்றான் மூத்தவன். அதைச் சொன்னபோதே தானும் மூன்று நாளாக என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. தலை குனிந்தான்.

மதியம் எல்லோரும் வார்டுக்குப் போனார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பெரியவர் வாயைத் திறந்தார். ஃபேன் போட எழுந்தவர், கால் இடறிவிட்டது. சின்னவன் பேர் கெட வேண்டாம் என்றுதான் ஞாபகமில்லை என்றார். சாவியின் பழியை மருமகள் சுமந்தது அவர் காதுக்கே வரவில்லை.

அவள் கட்டிலோரம் ஒதுங்கி நின்றாள். அவர் கையை நீட்டி அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சும்மா. இனி யாரும் வர மாட்டாங்கன்னு கண்ணை மூடிட்டேன். நீ மணி அடிச்சே பாரு, அப்பத்தான் எனக்கு உயிரே திரும்பி வந்துச்சு."