தேனக்காவின் வரி

விடுமுறை நாளின் நண்பகலில் அலுவலகம் வேறு யாருடையதோ போலிருந்தது. நாற்காலிகள் மேஜைக்கடியில் தள்ளியே கிடந்தன. ஏசி ஓடவில்லை. கணினிகளைப் பராமரிக்கும் அவள் பையை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

வாடிக்கையாளர் விவரங்கள் மொத்தமும் இருக்கும் சி.ஆர்.எம். மென்பொருளைப் பழைய இணைய முகவரியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஊழியரின் பழைய கணக்குக்கும் எதிரே புதிய கணக்கு ஒன்றைக் காட்டினால், வாடிக்கையாளர்கள் அந்தப் பெயருக்குக் கைமாறுவார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலை நகராது.

நாற்பத்தொரு வரிகள் முடிந்தன. ஒன்று மிச்சம்.

தேனக்கா.

வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசியவளின் குரலுக்காக அலுவலகமே வைத்த பெயர். ஆறு மாதத்துக்கு முன், மாதக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்ட ஒரு வாடிக்கையாளர் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தார். முதல் அடி, தொலைபேசி பிடித்திருந்த கையில். அடுத்தது தாடையில். மூன்றாவது மண்டையில். அதோடு தேனக்காவின் கதை முடிந்தது. அவரும் மாடியிலிருந்து குதித்துச் செத்தார். அவருடைய புகாரை மட்டும் யாரும் மூடவில்லை. அதற்குரியவள்தான் மூட வேண்டும், அவள் இல்லை.

மேலாளரை அழைத்துக் கேட்டாள்.

“உன் தங்கச்சி பேர்ல போட்டு விடும்மா. புதுசா சேர்ந்தவ, சும்மாதானே உக்காந்திருக்கா.”

“வேணாம் சார். எம்பேர்ல போட்டுக்கறேன்.”

“ஏன், பேய் வந்து புடிச்சுக்குமா?” சிரித்தார். “கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே சார்.”

அம்மா போன பிறகு அவள் சோறூட்டி வளர்த்த தங்கை. இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். தங்கைக்காக எதையும் தாங்குவேன் என்று அவள் தன்னைப் பற்றி நம்பியிருந்தாள். தன் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப்பார்த்தது.

திரையில் ஓர் அறிவிப்பு வந்தது.

உங்கள் வாடிக்கையாளர் வந்திருக்கிறார்.

மாடிப்படியில் காலடி. கூடவே, படிக்குப் படி இரும்பு இடிபடும் சத்தம். துருவும் வியர்வையும் கலந்த வாடை அறைக்குள் பரவியது.

கதவு திறக்கவில்லை.

எதிர் நாற்காலி மட்டும் பின்னால் நகர்ந்தது.

“எத்தனை தடவைம்மா வர்றது?” காதோரம் கேட்டது. கோபமில்லாத, களைத்துப்போன குரல்.

வலது மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவள் அலறினாள். எதிரே யாருமே இல்லை.

இரண்டாவது அடி.

பற்கள் விசைப்பலகைமேல் தெறித்தன. தாடை கழன்று தொங்கியது. அலறல் ரத்தமாக வழிந்தது.

ஓங்கிய கம்பியின் காற்று உச்சிமயிரைத் தொட்டது.

தன் இடது கை செய்வதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது தன் பெயரை அழித்தது. தங்கையின் பெயரைப் போட்டது. தட்டுத் தடுமாறாமல், ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

காற்று அடங்கியது. காலடி படியிறங்கிப் போனது.

கைபேசி அடித்தது. தங்கை. இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, கஸ்டமர் வந்திருக்கார்னு எனக்கு மெசேஜ் வருது. லீவு நாள்ல என்ன கூத்துக்கா இது? ... இரு, யாரோ கதவைத் தட்றாங்க.”

திறக்காதே என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் இல்லை. தொண்டையில் ஏதோ கொழகொழத்தது.

“என்னக்கா, ஒண்ணும் கேக்கல. லைன்லயே இரு.”

கைபேசிக்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

இடது கைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தன் பெயரை மறுபடி போட ஒரு நொடி போதும். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியில் கிடந்தது.

திரையில், தங்கையின் பெயருக்கு எதிரே, யாரும் தட்டாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

வாடிக்கையாளருடன் சந்திப்பு தொடங்கியது.