வழித்தெடுத்த முகங்கள்

ஓவியரின் மனைவி செல்மா ஹைமான் பின்வாசல் வழியாக வந்தபோது நோத்மான் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் பிரெஸ்லாவில் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். யூதர் என்பதால் ஒரே நாளில் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லை தாண்டி பிராகுக்கு வந்த பிறகு, அகதிகளுக்குச் சூப் ஊற்றும் இந்த நிலவறைச் சமையற்கூடத்தில்தான் அவருக்கு வேலை. எல்லாரும் அவரை இன்னும் இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

செல்மாவின் மேல்கோட்டில் பொத்தான்கள் மாற்றிப் போடப்பட்டிருந்தன. எதிரே கேரட் நறுக்கிக்கொண்டிருந்த ஃப்ளோரா சாடெக் அதைத்தான் முதலில் பார்த்தாள். பிரெஸ்லாவில் ஒரு செய்தித்தாளுக்காக நீதிமன்ற வழக்குகளை எழுதியவள் அவள். அங்கே சாட்சிக்கூண்டில் நின்ற நோத்மானை இங்கே பக்கத்தில் வைத்துக்கொண்டு கேரட் நறுக்குவதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு.

"ஆர்னோ வரைஞ்சிட்டிருந்த படத்தை யாரோ கெடுத்துட்டாங்க," என்றாள் செல்மா. "முகமெல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க. வேற ஒண்ணும் தொடல. பூட்டும் உடையல."

பூட்டு உடையவில்லை என்றதும் நோத்மான் கத்தியைக் கீழே வைத்தார்.

ஆர்னோ ஹைமானின் அறை ஜிஷ்கோவ் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் கூரைக்கு அடியில் இருந்தது. ஓவியர் கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அருங்காட்சியகச் சுவரில் அவருடைய படங்கள் தொங்கின. 1933இல் அவற்றைக் கழற்றி நிலவறையில் போட்டார்கள், அவரைக் கைதிகள் முகாமில் போட்டார்கள். வெளியே வந்த வாரமே செல்மாவும் அவரும் மலைப்பாதையில் பனியில் நடந்து எல்லையைக் கடந்தார்கள். இப்போது 1937 நவம்பர். போன வசந்தத்தில் பிராகில் நடந்த கண்காட்சியில் முகாம் தலைவனின் உருவப்படத்தை அவர் தொங்கவிட்டபோது ஜெர்மன் தூதரகம் அதைக் கழற்றச் சொல்லிக் கூச்சலிட்டது. முகாமில் ஒரு துண்டுக் காகிதம்கூட அவருக்குக் கிடைத்ததில்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்து வரைந்தது. யாரையும் உட்காரவைத்து வரைகிற வழக்கம் அவருக்கு அதன்பிறகு விட்டுப்போனது. ஒருமுறை பார்த்தால் போதும்.

கெட்டுப்போன படம் சன்னலோரம் நின்றது. சமையற்கூடத்து மேசை, நான்கு சூப்புக் கிண்ணங்கள், நான்கு பேர். இடதுகோடியில் டாக்டர் லெவின். அடுத்து தையல்காரி ஹெட்விக். அவளுக்குப் பக்கத்தில் வக்கீல் பென்னோ. வலதுகோடியில் அச்சுக்கோர்க்கும் எவால்ட். கைகள் கிண்ணங்களைப் பிடித்திருந்தன. கழுத்துக்கு மேலே நான்கு குழம்பிய திட்டுகள் மட்டுமே இருந்தன. வண்ணம் வழிக்கும் தட்டைக்கத்தி தரையில் கிடந்தது.

அறையில் யாரும் இல்லாதபோது சாவி மாடிப்படி ஆணியில் தொங்கும். அது அந்த நான்கு பேருக்கும் தெரியும், முறை வைத்துக் கரி தூக்கி வருகிறவர்கள் அவர்கள்தான். நேற்றைய முறை எவால்டுடையது. அதைக் கேட்டதும் ஃப்ளோராவின் கண்கள் பளிச்சிட்டன.

நோத்மான் அவளைப் படத்தருகே அழைத்து, கண்டதைச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் ஆர்னோ ஒரு தனி நிறத்தைப் பூசுவார். டாக்டருக்கு மஞ்சள், ஹெட்விக்குக்கு நீலம், பென்னோவுக்குப் பச்சை, எவால்டுக்குச் செங்கல் நிறம். அடுப்புக்குக் கரி போதாத அறை, தடித்த வண்ணம். ஒன்றும் காயவில்லை. டாக்டரின் திட்டில் மஞ்சளுக்குள் பச்சைக் கீற்று ஓடியது என்றாள் ஃப்ளோரா. ஹெட்விக்கின் நீலத்தில் பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. எவால்டின் இடத்தில் எல்லாம் கலந்து சேறாகிக் கிடந்தது. பென்னோவின் இடம் மட்டும் சுத்தப் பச்சை.

"ஓவியருங்க வேலையே இப்படித்தானே, எல்லாத்தையும் எல்லாத்துலயும் அப்பி வைப்பாங்க," என்றாள்.

நோத்மான் இந்த வாரத்தில் வேறு என்ன விசேஷம் என்று செல்மாவைக் கேட்டார். நல்ல செய்திகள் இரண்டு என்றாள் அவள். டெப்லிட்ஸில் கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் தன் மனைவியை ஆர்னோ வரைய வேண்டுமென்று நேரில் வந்து கேட்டுப்போயிருக்கிறார். வியாழக்கிழமை காலை கார் அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை ரோசன்ஸ்டாக் வருகிறார். ஆர்னோ இருந்த முகாமிலேயே, வேறு கொட்டடியில், அவருக்குப் பிறகும் நெடுநாள் கிடந்த மனிதர். தங்க இடமில்லாததால் இந்த அறையிலேயே படுத்துக்கொள்வார். இரண்டையும் நேற்று, திங்கட்கிழமை, சூப்பு மேசையில் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்.

மதியம் அதே மேசையில் செய்தி பரவியது. முகங்களை வழித்துவிட்டார்கள் என்பதற்கு மேல் செல்மா எதுவும் சொல்லக் கூடாது என்று நோத்மான் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்விக் அழுதாள். டாக்டர் லெவின் இந்த ஊரை விட்டே போய்விடலாமா என்று மெல்லிய குரலில் கேட்டார். எவால்ட் தலை நிமிராமல் ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். அந்த இறுக்கத்தை உடைத்தவர் வழக்கம்போல் பென்னோதான்.

"என் மூஞ்சிய முதல்ல வழிச்சுட்டுத்தான் பயலுக்கு மத்தவங்க ஞாபகமே வந்திருக்கு. இந்த ஊர்ல எந்த நாவிதனும் எனக்கு இவ்வளவு மரியாதை குடுத்ததில்ல."

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். பென்னோ இல்லாவிட்டால் அந்த நிலவறையில் பலர் பைத்தியமாகியிருப்பார்கள். வியாழன் முதல் அவர் புர்னோவில் அத்தை மகன் வீட்டில் இருக்கப்போகிறார் என்பதே ஹெட்விக்குக்கு வருத்தம். அங்கே வாத்துக்கறியும் மாவுருண்டையும் காத்திருக்கின்றன என்று அவர் எல்லாரையும் வெறுப்பேற்றிக்கொண்டிருந்தார்.

பாத்திரம் கழுவும்போது ஃப்ளோரா எவால்டைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். நேற்று கரி தூக்கியவன் அவன், ஒரு வார்த்தை பேசாதவனும் அவன்.

"அவன் என்னிக்குப் பேசினான்?" என்றார் நோத்மான். "நான் சொல்றத யோசிச்சுப் பாரு. ஆர்னோ ஒரு மத்தியானம் உக்காந்தா அந்த நாலு முகத்தையும் மறுபடி வரைஞ்சிடுவாரு. யாரையும் எதிர்ல வச்சு வரைய வேண்டியதில்ல. இது அந்த நாலு பேருக்கும் தெரியும். அப்புறம் எதுக்கு வழிக்கணும்?"

ஃப்ளோரா தட்டைத் துடைத்துக்கொண்டே, பயமுறுத்துவதற்காக இருக்கலாம் என்றாள்.

"இல்லம்மா. அந்த ஒரு மத்தியானம் ஆர்னோவுக்குக் கிடைக்கப்போறதில்லன்னு தெரிஞ்சவன் வழிச்சிருக்கான்."

தட்டு அவள் கையிலேயே நின்றது. கார் அனுப்பும் அந்தத் தொழிற்சாலைக்காரரையும், டெப்லிட்ஸுக்கு அப்பால் ஜெர்மன் எல்லை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதையும் அவள் ஒருசேர நினைத்தாள். யாரோ ஒருவன் அவர்களோடு உட்கார்ந்து, அதே பானையிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் மதியம், சமையற்கூடத்தை மற்றவர்களுக்குத் திறப்பதற்கு முன், நோத்மான் படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். நான்கு பேரும் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆர்னோ வண்ணப்பெட்டியோடு நின்றார். செல்மா அவருடைய கையை விடவில்லை. ஃப்ளோரா கதவருகே போய் நின்றுகொண்டாள். நிற்கச் சொன்னது நோத்மான்தான்.

"ஈர வண்ணத்தை வழிச்சா கத்தியில ஒட்டும்," என்று நோத்மான் சாதாரணமாக ஆரம்பித்தார். "அதே கத்திய அடுத்த முகத்துல வச்சா, முன்னால வழிச்ச நிறம் அதுல ஏறும். எவால்டோட இடத்துல எல்லா நிறமும் இருக்கு, அவன்தான் கடைசி. ஹெட்விக் மூணாவது, டாக்டர் ரெண்டாவது. ஒரு இடத்துல மட்டும் வேற நிறமே இல்ல. சாதாரணமா எல்லாத்தையும் அழிக்க வர்றவன் ஓரத்துலேருந்து ஆரம்பிப்பான். இவன் நடுவுல இருந்த ஒருத்தரைத் தேடி வந்து வழிச்சிருக்கான். மத்த மூணும் அதை மறைக்கிறதுக்கு."

அவர் தொடர்ந்தார். வெள்ளிக்கிழமை இந்தப் படத்தின் எதிரில் படுத்து எழப்போகிறவர் ரோசன்ஸ்டாக். அவர் அடையாளம் காணக் கூடாத முகம் ஒன்று இதில் இருந்தது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் வெள்ளிக்கிழமை ஊரில் இருக்கப்போவதில்லை. மறுபடி வரையக்கூடியவரும் இருக்கப்போவதில்லை.

"நேத்து நாங்க எந்த வரிசையும் சொல்லல. படத்தை நீங்க யாரும் வந்து பாக்கவும் இல்ல. இருந்தும் ஒருத்தருக்கு முதல்ல வழிச்சது யாரைன்னு தெரிஞ்சிருந்தது. சிரிப்புக்காகச் சொன்னாரு, ஆனா சரியா சொன்னாரு." நோத்மான் ஓவியரின் பக்கம் திரும்பினார். "ஆர்னோ, அந்த முகத்தை வரைங்க."

ஆர்னோ பச்சையைக் குழைத்தார். திரும்பிப் பார்க்காமல் வரைந்தார். நெற்றி வந்தது, பிறகு சரிந்த இடது புருவம், பிறகு சிரிப்புக்குத் தயாராக இருக்கும் அந்த வாய். மேசையில் பென்னோ ஒரு வேடிக்கை சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஹெட்விக் அவருடைய முழங்கையைத் தொட்டாள், ஏதாவது சொல்லுங்கள் என்பதற்காக.

"போதும் ஆர்னோ," என்றார் பென்னோ. "கண்ணை வரையாத."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையெல்லாம் மேசையைப் பார்த்தே சொன்னார். ரோசன்ஸ்டாக்கின் கொட்டடியில்தான் அவரும் இருந்தார். விசாரணை அறையில், முகாம் அதிகாரிகள் தங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சக கைதிகளில் யார் யார் என்ன செய்தார்கள் என்று காட்டச் சொன்னார்கள். காட்டினார். அப்புறம் உளவு பார்க்க இங்கே அனுப்பினார்கள். மகள் மரியானே பிரெஸ்லாவில் அவர்கள் கண்ணெதிரே இருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் அவளை நிறுத்தி எடுத்த புகைப்படம் அவ்வப்போது வரும். பக்கத்தில் ஒரு ஆண் நிற்பான், படத்தில் அவன் தலை கத்தரிக்கப்பட்டிருக்கும், கை மட்டும் அவள் தோளில் இருக்கும்.

"கார்ல எத்தனை பேரு?" என்று கேட்டார் நோத்மான்.

"மூணு. டிரைவரைச் சேர்க்காம."

எவால்ட் எழுந்தான். எல்லாரும் அடிக்கப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் போய்ச் செல்மாவுக்கு ஒரு முக்காலி எடுத்து வந்து போட்டான்.

அன்று மாலைக்குள் ஹைமான் தம்பதி ஊரில் இல்லை. எந்த ரயில், எந்தத் திசை என்பதை நோத்மான் ஃப்ளோராவுக்குக்கூடச் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் ஒரு செக் அதிகாரி பென்னோவின் வாக்குமூலத்தைப் பொறுமையாக எழுதிக்கொண்டார், வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லி அவரை வெளியே அனுப்பினார். நாளைக் காலையில் வரப்போகும் கார் என்று நோத்மான் அழுத்திச் சொன்னபோது, தெருவில் கார் நிற்பது குற்றமில்லையே என்றார்.

வியாழன் காலை நோத்மானும் ஃப்ளோராவும் ஆர்னோவின் கட்டடத்துக்கு எதிரே இருந்த பீர்க்கடையின் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி மேலே போனான், திரும்பி வந்தான், பின்சீட்டுக் கண்ணாடியருகே குனிந்து பேசினான். உள்ளே ஒரு தீக்குச்சி எரிந்தபோது தோளோடு தோளாக மூன்று தொப்பிகள் தெரிந்தன.

"என் பொண்ணு என்ன ஆவா?" என்று நேற்று பென்னோ கேட்டிருந்தார்.

சந்துமுனையிலிருந்து பென்னோ வந்தார். நல்ல கோட்டு, முகம் சுத்தமாக மழித்திருந்தது. ஃப்ளோரா கதவைத் திறந்து ஓட எழுந்தாள். நோத்மான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். வெளியே போனால் அவளுடைய முகமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பென்னோ காரின் கதவைத் தட்டினார். உள்ளே இருப்பவர்களிடம் என்னவோ கேட்டார், கைகளை விரித்து, தன்னைக் கொடுத்து மகளைக் கேட்டுப் பேரம் பேசுவதுபோல. ஒரு கணம் சிரித்தார்கூட. பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். அவருக்கு இடம் விட்டு உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.