வெயில் பட்ட ஊசி

ஆபரேஷன் தியேட்டர் இன்டர்காம் அலறியது.

நர்ஸ் ஜோதி எடுத்தாள்.

"அவசர சிசேரியன் வருது. பேரு ப்ரியம்வதா. ஒரகடம் போற வழியிலேயே வலி கண்டுடுச்சாம். மருந்து ஏஜென்சி ராஜசேகர் சார் பொண்ணு."

ஜோதி ரிசீவரை வைத்தாள்.

ராஜசேகர்...

போன வருஷம் அக்கா தென்றல் இதே மேஜையில்தான் கிடந்தாள். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்க ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. மறுபடி போட்டார்கள்.

அக்கா போய்விட்டாள்.

குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து அது. ராஜசேகர் அதைப் பிள்ளைப்பாக்கத்துத் தகரக் குடோனில் சித்திரை வெயிலில் வேகவிட்டார் என்று ஊரே பேசியது. சாட்சிதான் இல்லை.

அந்தப் பெட்டியில் மிஞ்சிய ஒரு குப்பி ஜோதியிடம் இருந்தது.

அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டாள். ஒரே ஒரு போன் செய்தாள். பிறகு கையுறை மாட்டினாள்.

தியேட்டர் வாசலில் ராஜசேகர் தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, இப்டி நடுங்கற? இந்தா, டீ குடி," என்றாள் பெஞ்சில் இருந்த பெண்மணி.

கதவு திறந்தது. ஜோதி குப்பியை நீட்டினாள்.

"ரத்தம் நிக்கிற ஊசி. உங்க சரக்குதான் சார். போடலாமா?"

லேபிளில் இருந்த பேட்ச் நம்பரைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"வே... வேற கம்பெனி போடுங்க சிஸ்டர்."

"ஏன் சார்? எங்கக்காவுக்கு இதத்தான போட்டோம்?"

"அது கெட்டதும்மா! குடோன்ல ஏசி ஓடல. வெந்துபோச்சுன்னு தெரிஞ்சேதான் அனுப்புனேன். உன் கால்ல விழறேன், என் பொண்ண விட்டுடு..."

ஜோதியின் விரல்கள் குப்பியை நெரித்தன. ஒரு கணம் அக்காவின் முகம்.

குப்பியைப் பெண்மணியிடம் கொடுத்தாள்.

"பத்தரம் மேடம்."

பெண்மணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "இன்ஸ்பெக்டர் கனகம். எழுந்திரிண்ணா. குடோனத் தொறந்து காட்டு."

"ஐயோ, என் பொண்ணுக்கு ஊசி..."

"அப்பவே போட்டாச்சு சார். ஃப்ரிட்ஜ்ல இருந்த நல்ல மருந்து. என் கையாலதான் போட்டேன். ரத்தம் நின்னுடுச்சு," என்றாள் ஜோதி. "போடலாமான்னுதான உங்கள கேட்டேன்?"

ராஜசேகர் பெஞ்சில் சரிந்து உடைந்து அழுதார். "பேரப்புள்ளைய ஒரு தடவ..."

கனகம் முறைத்தாள். ஜோதி உள்ளே போனாள். துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

முகம் பார்க்கத் துணியை விலக்கினார். ஜோதி இழுத்து மூடினாள்.

"கொழந்தயத்தான் சார் சூடா வெக்கணும். மருந்த இல்ல."