கிளிப் இல்லாத முதுகு

"நான் இல்லை மேடம். சத்தியமா நான் இல்லை" என்றாள் உள்ளே வந்த பெண், உட்காருவதற்கு முன்பே. பதினேழு வயது. கதவு நிலையில் தலை இடித்துவிடாமல் குனிந்து வரும் உயரம். பள்ளியில் 'நெட்டை' என்று கேலி செய்தார்கள். மாடலிங்குக்கு வந்த பிறகு அந்த உயரம்தான் அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். "முதல்ல உக்காரும்மா. எது நீ இல்லைன்னு அப்புறம் சொல்லு."

"நீ இல்லைன்னா வேற யாரு?" என்று அவருடைய கணவர் அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார். மனைவியின் வழக்குகளில் காரோட்டுவது, குறிப்பெடுப்பது, அவசரப்படுவது மூன்றும் அவர் பொறுப்பு.

நெட்டை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள். நாளைக்கு ஆடைக் காட்சி. கடைசியாக மேடையேறும், மணி கோத்த நீல உடையை அவள்தான் அணிய வேண்டும்; அதுதான் அவளுடைய முதல் மேடை. அதுவரை வெளியாள் யாரும் அந்த உடையைப் பார்க்கக் கூடாது. ஆனால் இன்று காலை அதன் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஒரு பெண் நிற்கிறாள்; கழுத்துக்கு மேல் படத்தில் இல்லை. தைத்து முடித்த உடையைப் போட்டுப் பார்த்தவள் நெட்டை ஒருத்திதான்.

"அஞ்சு மணிக்குள்ள உண்மையைச் சொல்லலைன்னா ஏஜென்சிக்கு எழுதிடுவேன்னு டிசைனர் மேடம் சொல்லிட்டாங்க. எழுதிட்டா அப்புறம் எந்த மேடையிலயும் என்னை ஏத்த மாட்டாங்க."

மணி மூன்று. துப்பறிவாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தையற்கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. நீராவி இஸ்திரிப்பெட்டியின் சூடு, தரையெங்கும் நூல் துணுக்குகள். வாசலிலேயே அளவு அக்கா ஓடிவந்து நெட்டையைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கூடத்தின் ஒவ்வொரு உடைக்கும் முதலில் வெள்ளைத் துணியில் மாதிரி வெட்டி, அவள் உடம்பின் மேல்தான் ஊசி குத்தி அளவு பார்ப்பார்கள். மேடைப் பக்கம் அவள் போனதேயில்லை.

"அழாதடி. கண்ணு எப்படி வீங்கியிருக்கு பாரு! அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிறதே பெரும்பாடு. இடது கக்கத்துல மணி குத்திக்கிட்டே இருக்கும். இதுல இந்தப் பழி வேற!"

"எனக்கென்னவோ டிசைனர் மேலதான் சந்தேகம். விளம்பரத்துக்காக அவங்களே..." என்று கணவர் கிசுகிசுத்தார்.

"போன வழக்குலயும் புகார் சொன்னவங்க மேலதான் உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. கொஞ்சம் பொறுங்க."

உள்ளேயிருந்து வந்த டிசைனர் கைபேசியை நீட்டினார். "படத்தைப் பாருங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

துப்பறிவாளர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணு ஒரு தடவை அதைப் போட்டுக் காட்டட்டும்."

நெட்டை போட்டுக்கொண்டு வந்தாள். டிசைனர் வழக்கம்போல் அவள் பின்னால் போய், தொங்கிய துணியை இழுத்துப் பிடித்து ஆறு இரும்பு கிளிப்புகளை மாட்டினார். முன்பக்கம் உடை கச்சிதமாக நின்றது.

"இந்த கிளிப்பெல்லாம் எதுக்கு?"

"எங்க வழக்கமான அளவுக்குத்தான் வெட்டுவோம். இவ ரொம்ப ஒல்லி. இன்னைக்குச் சாயங்காலம்தான் பிடிச்சுத் தைக்கணும்."

துப்பறிவாளர் ஆறையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் போட்டார். நீலத் துணி நெட்டையின் முதுகில் கூடாரம் போலத் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்தார்.

"படத்துல கிளிப்பே இல்லை. தொங்கலும் இல்லை. வார்த்து எடுத்த மாதிரி இருக்கு. இது இவ முதுகே இல்லைங்க."

"பின்னே யாரோட முதுகு?" கணவரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"இந்த உடுப்பை யாரை அளவு பார்த்து வெட்டினாங்களோ, அவங்களோடது."

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"நான் போட்டது வெறும் வெள்ளைத் துணி. அசலை நான் தொட்டதுகூட இல்லை" என்றாள் அளவு அக்கா.

"வெள்ளைத் துணியில மணி உண்டா?"

"மணியெல்லாம் கடைசியிலதான் கோப்போம்" என்றார் டிசைனர், தன்னையறியாமல்.

"அப்போ கக்கத்துல மணி குத்தும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இவதான்... இவதான் சொன்னா."

"நானா?" நெட்டையின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "எனக்குக் குத்தவே இல்லையேக்கா. கக்கத்துல எனக்குத் தொளதொளன்னு இருக்கு!"

அளவு அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லா உடுப்பும் என் மேலதான் பிறக்குது. முடிஞ்சதும் வேற யாரோ போட்டுக்கிட்டுப் போயிடறாங்க. ஒரே ஒரு தடவை முழுசாப் போட்டுப் பார்க்கணும்னு ஆசை. நேத்து ராத்திரி எல்லாரும் போனப்புறம் போட்டேன். தங்கச்சிக்கு மட்டும்தான் படம் அனுப்பினேன். அவ பெருமைக்கு நாலு பேருக்குக் காட்டிட்டா."

"என்னைக் கட்டிப்பிடிச்சு அழாதன்னு சொன்னீங்களே. அப்பகூடச் சொல்லலையே!" என்றாள் நெட்டை.

டிசைனர் கைபேசியில் ஏஜென்சிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அழித்தார். "உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு ஸ்டூல் பக்கம் திரும்பினார். "உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்குக் காட்சி முடியட்டும், பேசலாம். இப்போ தைக்கிற வேலை கிடக்கு."

நெட்டை குனிந்து கிளிப்புகளைப் பொறுக்கினாள். நேராக ஸ்டூலுக்கு எதிரே போய், நிமிர்ந்து, முதுகைக் காட்டி நின்றாள்.

"நீங்களே பிடிங்க. உங்களுக்குத்தான் இதோட அளவு தெரியும்."

அளவு அக்கா எழுந்து முதல் கிளிப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். ஆறாவது ஒரே பிடியில் நின்றது.

"குத்துதாடி?"

"இல்லைக்கா. இன்னும் கொஞ்சம் இறுக்குங்க."