கையை வெளியே நீட்டாதீர்கள்

காலை ஏழே முக்காலுக்கு நான் வண்டியைக் கிளப்பும்போது எங்கள் அடுக்ககத்தில் ஐந்தாறு ஜன்னல்கள் திறக்கும். வாழ்த்துச் சொல்ல அல்ல. ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் பல் தேய்த்த நுரையைத் துப்பினார். அது சரியாக என் முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. குறி பார்த்துத் துப்பப் பழகியிருக்க வேண்டும். நான் துடைப்பானைப் போட்டேன். அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

என் வண்டி சிவப்பு ஹேட்ச்பேக். பின்புறத்தை அரிவாளால் வெட்டியதுபோல் குட்டையாக முடியும். உட்கார்ந்தால் பந்தியில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கும், எழுந்தால் இடுப்பு பிடிக்கும். டிக்கியில் ஒரு அரிசி மூட்டையை வைத்துவிட்டால் தேங்காய்க்கு இடமில்லை. வேகத்தடையைக் கண்டால் சாய்வாக ஏற்ற வேண்டும், மறந்தால் வயிறு உரசும். சஸ்பென்ஷன் அத்தனை இறுக்கம். சாலையில் கிடக்கும் புளியங்கொட்டையைக்கூட முதுகெலும்புக்குச் சொல்லிவிடும். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் கியரில் மிதித்தால் ஒரு பாய்ச்சல் பாயும் பாருங்கள், அதற்காக ஒரு ஊரையே பகைத்துக்கொள்ளலாம். பகைத்துக்கொண்டேன்.

என் பெயர் தாரிகா. வீடு சிங்காநல்லூர். கணபதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் வேலை. கோயம்புத்தூரில் இன்றைக்கு ஓடுகிறவை எல்லாம் தானோட்டிகள். ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் கிடையாது, நான்கு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போகும் ஓடும் அறை. அதில் ஏறினால் பத்து நிமிடத்தில் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். நானே ஓட்டினால் ஒன்றும் ஆகாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டித்தான் கையோட்டி உரிமம் வாங்கினேன். மாவட்டம் முழுக்க என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர் இருந்தோம்.

தானோட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரு முழ இடைவெளியில் பறப்பவை. என்னோடு அவற்றால் பேச முடியாது. நான் எப்போது திரும்புவேன், எப்போது தும்முவேன் என்று தெரியாது. ஆகவே நான் ஓடிக்கொண்டிருக்கும்வரை என்னைச் சுற்றி இருபது மீட்டர் விலகித்தான் போக வேண்டும், நான் நின்றால் அருகே வரலாம் என்பது விதி. அதற்கு விலகல் வட்டம் என்று பெயர். நான் அவிநாசி சாலையில் ஏறியதும் என்னைச் சுற்றி ஒரு பொட்டல் உண்டாகும். பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு எல்லா வண்டிகளும் வேகம் குறைத்து ஊரும்.

அந்தப் பாவத்தை ஊரறியச் செய்வதற்கென்றே என் பின்கண்ணாடியில் ஒரு தாமதப் பலகை உண்டு. நேர ஆணையத்தின் உபயம். 'இந்த வண்டியால் இன்று தாமதமானோர்' என்று எழுதி, கீழே எண் ஓடும். ஹோப் காலேஜ் வருவதற்குள் எண்ணூறைத் தாண்டிவிடும். சிக்னலில் நின்றால் பக்கத்துத் தானோட்டிகளில் இருப்பவர்கள் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு தம்பதி தங்கள் குழந்தையைத் தூக்கிக் காட்டி, 'இவங்கதான்' என்று என்னைக் காட்டினார்கள்.

இது போதாதென்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அன்றாடக் குறிப்பு வேறு எழுத வேண்டும். ஒரே ஒரு கேள்வி: 'இன்று ஏன் நீங்களே ஓட்டினீர்கள்?' பதில் எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியாகும். அடியில் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். வேலைக்குப் போனேன் என்று நான்கு வருடம் ஒழுங்காக எழுதினேன். பிறகு அலுத்துப்போய், 'தக்காளி வாங்க', 'வெயில் நன்றாக இருந்தது', 'பிடித்திருந்தது' என்று எழுதத் தொடங்கினேன்.

என் எந்தக் குறிப்புக்கும் முதல் கருத்து கோகிலவாணியுடையதாகத்தான் இருக்கும். எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. ஐம்பது வயதிருக்கும், காந்திபுரத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. என் பாதையும் அவள் பாதையும் பாதி தூரம் ஒன்று, நேரமும் ஒன்று, ஆகவே தினமும் என் வட்டத்துக்குப் பின்னால் மாட்டுபவள். 'உன் தக்காளிக்கு என் பதினொரு நிமிசம்' என்று எழுதுவாள். 'பிடித்திருந்தது' என்று நான் எழுதிய அன்று, 'எனக்கும் புடிக்கும், உன்ற வண்டி எரியறதப் பாக்க' என்றாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். அவள் கணவர் தீபன் மட்டும் ஒருநாள் கீழே வந்து, "எத்தன சிசி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

நாங்கள் முப்பத்தொரு பேரும் மாதம் ஒரு முறை ஒரு லேத் பட்டறையில் கூடுவோம். எங்கள் வண்டிகளுக்கு இப்போது எவனும் உதிரிபாகம் செய்வதில்லை, ஆகவே புஷ்ஷிலிருந்து பிரேக் கட்டை வரை அங்கேதான் கடைந்துகொள்ள வேண்டும். டீ குடித்துக்கொண்டு தானோட்டிகளைக் கிண்டல் செய்வோம். அவற்றுக்கு விதி உண்டு, நமக்குத்தான் மரியாதை உண்டு என்பது எங்கள் பெருமை. ஆம்புலன்ஸ் வந்தால் நாங்கள் ஓரங்கட்டுவோம். ஓரங்கட்டி, வலது கையை வெளியே நீட்டி, முன்னால் தள்ளுவதுபோல் வீசி, போ போ என்போம். அந்தக் காலத்து லாரிக்காரர்கள் செய்தது. வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் செய்வது. ஆணையம் கொடுத்த கையேட்டை எங்களில் ஒருவரும் படித்ததில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்குக் கையேடு?

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. லட்சுமி மில்லைத் தாண்டும்போது பின்னால் சைரன். நான் உடனே இடது ஓரம் போய் நின்றேன். கண்ணாடி வழியே பார்த்தேன். ஆம்புலன்ஸ் வேகமாக வந்தது. கையை வெளியே போட்டு, போ போ என்றேன்.

அது நின்றுவிட்டது.

இருபது மீட்டர் பின்னால், சைரன் அலற அலற நின்றது. ஓட்டுநர் இல்லாத வண்டி. முன்கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. பாதை நிறைய இடம் கிடக்கிறது, ஏன் நிற்கிறது இந்தச் சனியன்? இன்னும் பலமாகக் கையை வீசினேன். கதவுத் தகட்டைத் தட்டினேன். "போ, போய்த் தொலை!" என்று கத்தினேன். அது அசையவில்லை. கடைசியில் கை வலித்து உள்ளே இழுத்தேன். இழுத்த மறுநொடி ஆம்புலன்ஸ் சீறிக்கொண்டு என்னைக் கடந்துபோனது. பைத்தியக்கார மெஷின் என்று திட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

அன்று மாலை அடுக்கக வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தீபன் இறந்துவிட்டார். காலையில் நெஞ்சுவலி, மருத்துவமனை வாசலில் உயிர் போயிருக்கிறது. வழியில் ஆம்புலன்ஸ் இரண்டு நிமிடம் நாற்பது நொடி நின்றதாம். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை. அன்றைய குறிப்பில், 'ஆம்புலன்ஸுக்கு வழி விட்டேன்' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? கீழே இருநூறு பேர் கொலைகாரி என்று எழுதினார்கள். கோகிலவாணி மட்டும் எதுவும் எழுதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஆணையத்தில் விசாரணை. அஸ்வத் என்ற அதிகாரி, என்னைவிடச் சின்னவர், கையேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"பதினோராம் பிரிவு, மேடம். ஓட்டுநர் கை வெளியில தெரிஞ்சா, ஆள் எறங்கப் போறாங்கன்னு தானோட்டி எடுத்துக்கும். எறங்கற ஆளு மேல ஏத்திரக் கூடாதில்லீங்களா? கை உள்ள போற வரைக்கும் நிக்கும். ஆம்புலன்ஸும் அப்படித்தான்."

"நான் வழிதானே விட்டேன்?"

"நீங்க சும்மா நின்னிருந்தா அது போயிருக்குங்க."

வெறுமனே நின்றிருந்தால் போதும். அவ்வளவுதான்.

அஸ்வத் ஒரு தாளை நகர்த்தினார். பதினோராம் பிரிவை மீறியது என் பிழை, ஆம்புலன்ஸ் விதிப்படியே நடந்துகொண்டது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு கோப்பு மூடப்படும், உரிமம் நீடிக்கும். போடாவிட்டால் வண்டி போய்விடும், ஆம்புலன்ஸின் விதியும் ஆய்வுக்குப் போகும். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன்; வண்டி எனக்கு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் தினமும் வாந்தி, அல்லது வேலையை விட வேண்டும். அதைவிட, இரண்டாம் கியரின் அந்தப் பாய்ச்சல். ஒரு மனிதர் செத்த பிறகும் எனக்கு அது வேண்டியிருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கோகிலவாணி வந்தாள். சாட்சியாக அழைத்திருந்தார்களாம். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"ஏனுங் சார், இவ மேல எனக்கு ஒரு பிரியமும் இல்லீங். ஆறு வருசமா இவளத் திட்டி எழுதறவ நாந்தானுங். ஆனா அன்னைக்கு இவ ஓரங்கட்டுனா. கைய வெளிய போட்டு போ போன்னா. நா உள்ளார இருந்து என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங். உங்க வண்டிதான் நின்னுச்சு. நா கண்ணாடியத் தட்டோ தட்டுன்னு தட்டறேன், அது 'பொறுமையாக இருக்கவும், பொறுமையாக இருக்கவும்'ங்குது. நானும் இவளப் பாத்து கைய வீசறேன், நீ போ புள்ள, நீயாச்சும் போன்னு. இவ என்னையப் போங்கறா, நா இவளப் போங்கறேன். நடுவால அவரு மூச்சு இழுக்குது."

அஸ்வத் தொண்டையைச் செருமினார். "அப்ப இவங்க உரிமம் தொடரலாம்னு சொல்றீங்களா?"

"அத எப்ப நா சொன்னேன்?" அவள் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். "இவ மேல தப்பில்லீங். ஆனா அந்தச் சிவப்பு வண்டி அன்னைக்கு ரோட்டுல இல்லாம இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாரு. ரெண்டும் நெசந்தான். அத நசுக்கிப் போடுங்க. நா கண்ணுல பாக்கோணும்."

இந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் கோகிலவாணியின் சாட்சியம் என்ன ஆகும் என்று அஸ்வத்திடம் கேட்டேன். தேவைப்படாது, நீக்கிவிடுவோம் என்றார். கண்ணாடியைத் தட்டிய கையும், பொறுமையாக இருக்கவும் என்ற குரலும் எதிலும் இருக்காது. நான் பேனாவை மூடினேன். பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அழுகை வந்தது. தீபனுக்காகவா வண்டிக்காகவா என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் வெட்கமாக இருந்தது.

சூலூர் பக்கத்தில் ஒரு யார்டில் நசுக்கினார்கள். கோகிலவாணி வந்து கடைசிவரை நின்று பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. தாமதப் பலகையை முதலிலேயே கழற்றி எடுத்து வைத்திருந்தார்கள். அதில் எண் பூஜ்யத்தில் நின்றது.

தானோட்டிகளுக்கு மனிதர்களின் பகை தெரியாது. ஒரே கட்டடம், ஒரே நேரம், ஒரே திசை என்றால் ஒரே வண்டியில் ஏற்றிவிடும். அடுத்த திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஒரு தானோட்டி வாசலில் வந்து நின்றது. உள்ளே எதிர் இருக்கையில் கோகிலவாணி. வேறு வண்டி கேட்டேன். 'உங்களுக்கு இதுவே சிறந்த பயணம்' என்றது. அன்றிலிருந்து தினமும் முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி நாங்கள் இருவரும். ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருப்பேன், அவள் என் கவரையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

விதி ஆய்வில் இருக்கிறது என்று ஆணையம் கடிதம் போட்டது. பதினோராம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. தானோட்டிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் அதுதான் சட்டம்.

நேற்று ஹோப் காலேஜ் தாண்டியதும் எனக்குக் குமட்டியது. கவரைப் பிரித்தேன். கோகிலவாணி உச்சுக்கொட்டிவிட்டு, என் பக்கத்து ஜன்னல் பொத்தானை அழுத்தினாள்.

"அக்கட்டால, சன்னல் பக்கமே எடு. என்ற மேல பட்டுச்சு, நடக்கறதே வேற."

காற்று வந்தது. கொஞ்சம் தேவலை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். லட்சுமி மில் நெருங்கும்போது பின்னால் சைரன் கேட்டது. எங்கள் வண்டியும் மற்றவையும் சத்தமில்லாமல் ஓரம் ஒதுங்கி நின்றன. எனக்கு எதுவும் யோசனை இல்லை. இருபது வருடப் பழக்கம், என் வலது கை தானாக எழுந்து ஜன்னல் பக்கம் போனது.

கோகிலவாணி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து என் மடியோடு அழுத்தினாள். நகங்கள் உள்ளே இறங்கின.

"கையத் தூக்குன, வெட்டிப் போட்ருவேன்," என்றாள். கண்களை இறுக்க மூடியிருந்தாள்.

சைரன் எங்களை நெருங்கி, உரசுவதுபோல் கடந்து, முன்னால் போய்த் தேய்ந்தது. எங்கும் நிற்கவில்லை.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க்கா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. வண்டி மறுபடி நகர்ந்தது. காந்திபுரம் வந்து அவள் இறங்கும் வரைக்கும் என் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.