ததேயு மறைத்து வைத்த பார்

படகைத் தள்ள ஆண்கள் தோள் கொடுத்த நேரத்தில், அதன் முன்னால் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டாள் பிரகாசி. தன்னை ஏற்றாமல் படகு போகக் கூடாது என்றாள். வடலித்துறையில் பெண்கள் கடலுக்குப் போகும் வழக்கம் கிடையாது. ஆனால் அன்று வழக்கம் பேசாமல் அவளை ஏற்றிக்கொண்டார்கள்.

அவள் கணவன் ததேயு முந்தாநாள் விடியலில் இன்ஜின் வைத்த சின்ன வள்ளத்தில் தனியாகப் போனவன், திரும்பவில்லை. நேற்று முழுக்க ஊர்ப் படகுகள் மேற்கே, அடியில் சேறு கிடக்கும் சேற்றுமடைப் பகுதியைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டன. அங்கேதான் மீன் பிடிப்பதாக அவன் எப்போதும் சொல்வான். ஒரு துடுப்புகூடக் கிடைக்கவில்லை. ஊரில் சிலர் 'நல்ல பையனா இருந்தான்' என்று பேசவே தொடங்கிவிட்டார்கள்.

படகு வியாகப்பனுடையது. ஊரிலேயே வேகமான இன்ஜின். கூட வந்தவன் ததேயுவின் தம்பி கிளீட்டஸ். அவனுக்கு வியாகப்பன் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் ததேயுவின் பாரைக் கண்டுபிடிக்கப் பல வருஷமாக அவனைப் பின்தொடர்ந்து அலைந்தவர் இந்த வியாகப்பன்தான்.

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறை. அதன்மேல் பாசி பிடிக்கும். பாசிக்குப் பொடிமீன் வரும். பொடிமீனைத் தின்னப் பெரிய மீன் வந்து குடியிருக்கும். ஒரு பார் கிடைத்தவனுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. அதனால் வடலித்துறைக்காரன் தன் பார் இருக்கும் இடத்தைப் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்ல மாட்டான். கேட்டால் கிழக்குக்கு மேற்கைக் காட்டுவான். மற்ற பொய்களுக்கெல்லாம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புக் கேட்பவர்கள், இந்தப் பொய்யை மட்டும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இன்னொருவன் கொண்டுவரும் மீனை உற்றுப் பார்ப்பதும் அங்கே திருட்டுக்குச் சமம்.

பிரகாசி மார்த்தாண்டத்துப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் சாளைக்கும் நெத்திலிக்கும் வித்தியாசம் தெரியாது. அரிவாள்மணையில் உட்கார்ந்துதான் மீனைப் படித்தாள். அந்த ஊர்க் கட்டுப்பாடு அவளுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று.

கரையை விட்டு விலகியதும் அவள் வாயைத் திறந்தாள். "சேத்துமடையில தேடாதீங்க. சேத்து மீனு ஒண்ணுகூட அவரு வீட்டுக்குக் கொண்டுவந்ததில்ல. கொண்டுவந்ததெல்லாம் கலவாயும் வெளமீனும். கண்ணு பிதுங்கி, வயிறு வாய்வழியா வெளிய தள்ளிக் கெடக்கும்."

கிளீட்டஸ் தலையில் கை வைத்தான். கலவாய் பாறையில் வாழும் மீன். வயிறு வெளியே தள்ளினால் நல்ல ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்த மீன். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அண்ணன் கொண்டுவரும் மீனைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பியே பழகியவன் அவன். அந்த மரியாதையால் ஒரு நாள் முழுக்க வீணாகியிருந்தது.

வியாகப்பன் மட்டும் அசரவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார். கடலிலிருந்து பார்த்தால் தெரியும் எதையாவது ததேயு பொத்திப் பாதுகாத்தானா?

பிரகாசிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கிழக்குத் தெருக்காரர் ஒருவர் தன் நிலத்தில் நின்ற ஒற்றைப் பனையை வெட்டப் போனபோது, சம்பந்தமே இல்லாமல் ததேயு போய்ச் சண்டை போட்டான். ஊரே சிரித்தது.

வியாகப்பன் சிரிக்கவில்லை. கரையில் ஒன்றும் அதற்குப் பின்னால் தொலைவில் ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள் நேராகத் தெரியும் கோட்டை வைத்துத்தான் பார் இருக்கும் இடத்தை நினைவில் வைப்பார்கள். ஊருக்குப் பின்னால் நின்ற மலை உச்சிக்கு நேர்கீழே அந்தப் பனை தெரியும்படி படகைத் திருப்பினார். அந்தக் கோடு பிசகாமல் தெற்கே விட்டார். போகப் போக, அடித்தரை எப்படி என்று பார்க்க ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கடலுக்குள் இறக்கினான் கிளீட்டஸ். சோப்பில் சேறு ஒட்டி வந்தது. மறுபடி இறக்கினான். சேறு. அப்புறம் மணல். கயிறு நீண்டுகொண்டே போனது. கரையில் பனை கண்ணுக்கு மறையப் போகிற இடத்தில், குண்டு எதுவும் ஒட்டாமல் வெறுமனே வந்தது. சோப்பு நசுங்கியிருந்தது.

"பார்," என்றார் வியாகப்பன். இத்தனை வருஷம் தேடியது காலடியில் கிடந்தும் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

வள்ளம் அங்கே இல்லை. நங்கூரக் கயிற்றின் நுனி மட்டும் தண்ணீர்மேல் நெளிந்துகொண்டிருந்தது. கிளீட்டஸ் எடுத்துப் பார்த்தான். அண்ணன் போட்ட முடிச்சேதான். அதற்கு அப்பால் கயிறு தேய்ந்து அறுந்திருந்தது. இன்ஜின் கெட்டு, நங்கூரம் போட்டு யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறான். யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? பிரகாசி அந்தக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நீரோட்டம் தென்மேற்கே இழுத்தது. அந்தப் பக்கம் கரையே கிடையாது. இருக்கிற டீசல் திரும்பிப் போகத்தான் காணும். எல்லாப் படகும் இங்கே வந்து விரிந்து தேடினால் ஒழிய வழியில்லை.

வியாகப்பன் வயர்லெஸ்ஸை எடுத்து இடத்தைச் சொன்னார். சேற்றுமடையில் நின்ற படகுகளிலிருந்து கோபமாகப் பதில் வந்தது. பார் விஷயத்தில் என்றைக்கு நீர் நிஜம் சொன்னீர் என்று கேட்டார்கள். பிரகாசி அதை வாங்கிக் கெஞ்சினாள். பாவம், வியாகப்பன் அந்தப் பிள்ளையையும் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு அலைகிறான் என்றது ஒரு குரல். ஒருவரும் அங்கிருந்து நகரத் தயாராக இல்லை. 

வியாகப்பன் அவளிடமிருந்து வயர்லெஸ்ஸை வாங்கினார். "எனக்க பாரைச் சொல்லுதேன். கேட்டுக்கிடுங்க," என்றார். கோயில் கோபுரம் எந்த மலைக்கு நேரே தெரிய வேண்டும், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பாறை சரிகிறது எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தப் பாருக்குக் கிட்டே வந்து அவரிடம் வசவு வாங்கி ஓடியவர்கள் எதிர்முனையில் பலர் இருந்தார்கள். அவர் சொல்வது நிஜம் என்று அவர்களுக்குத் தெரியும்.

வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேட்டது. "ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்குது?"

படகுகள் திரும்பின. முதலில் வந்த படகிலிருந்து வியாகப்பன் டீசல் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

சூரியன் சாய்கிற நேரத்தில், வெகுதூரம் தென்மேற்கே, தார்ப்பாய்க்கு அடியில் சுருண்டு கிடந்த ததேயுவைக் கண்டுபிடித்தார்கள். உதடு வெடித்து, கண் சொருகி இருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. பிரகாசி ஈரத்துணியால் அவன் வாயை நனைத்தாள். கண் விழித்தவன் அவளைப் பார்த்தான், வியாகப்பனைப் பார்த்தான், சுற்றி நின்ற அத்தனை படகுகளையும் பார்த்தான்.

"பாரைச் சொல்லிட்டியளா?"

"சொல்லிட்டேன்," என்றாள் பிரகாசி.

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பிழைத்ததற்கா இழந்ததற்கா என்று அவள் கேட்கவில்லை.

கரையில் வெடி போட்டார்கள், மணி அடித்தார்கள், வியாகப்பனைத் தோளில் தூக்கினார்கள். மறுநாள் விடியலில் கரையில் ஒரு படகுகூட இல்லை. பாதி ததேயுவின் பாருக்கும் பாதி வியாகப்பனின் பாருக்கும் போயிருந்தன. விஷயம் பக்கத்துத் துறைகளுக்கும் பரவியது. கலவாய் வளர வருஷக்கணக்காகும், பிடித்துத் தீர்க்க அவ்வளவு நாள் ஆகாது. அறுந்த வலைகள் பாறையைப் போர்த்திக்கொண்டன.

சில மாதம் படுக்கையில் கிடந்து ததேயு எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று, அண்ணன் பாரில் பிடித்தது என்று கிளீட்டஸ் ஒரு கலவாயைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பிரகாசி அதை மணையில் வைத்து அறுத்தாள். குடலில் ஒரு பொடிமீனின் முள்கூட இல்லை. பெரிதெல்லாம் போய், அவை தின்ற சிறிசும் போய்விட்டது.

உள்ளே கட்டிலிலிருந்து ததேயு, மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"நல்லா கொழுத்துக் கெடக்கு. பாருல நெறைய மீனு இருக்காம்," என்றாள் அவள்.

பார் விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. ததேயு நம்பியவன்போலத் தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.